எலிசுக்கு வைத்த ரசம்

சாப்பாட்டு மேசையிலிருந்து சமையலறைக்கு வரும் சீட்டில் "கோதுமை ஆகாது" என்று எழுதியிருந்தால் உங்களுக்குச் சலிப்பு வருகிறதாம். போன வாரம் உங்கள் சமையல் பள்ளிக்கு என்னைப் பேச அழைத்தபோது உங்களில் ஒருவர் மறைக்காமல் சொன்னார். பாதிப் பேருக்கு அது நோயே இல்லை, சும்மா பந்தா என்றார். இருக்கலாம். எந்தப் பாதி என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முப்பத்தாறு வருடம் கப்பலில் கரண்டி பிடித்த என்னால் முடியாது. அன்று அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், அதிலும் பாதி மாலை மரியாதையில் போய்விட்டது. அதனால் சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன். தனிப் பலகை, தனிக் கத்தி, தனி எண்ணெய் எல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இது.

1955. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்கு இருபத்தேழு வயது. பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கும் நம் கரைக்கும் போய்வரும் ஒரு பயணிகள் கப்பலில் இரண்டாம் நிலைச் சமையல்காரன். கப்பல் என்னை ஊரில் இறக்கிவிட்டுக் கல்கத்தா போயிருந்தது. திரும்பி வர இருபது நாள். அதுவரை குருசுக்குப்பத்தில் வீட்டில் இருந்தேன். வெள்ளைக்காரச் சமையல்காரர்களோடு சரிசமமாக நின்று வேலை செய்கிறவன் என்று எனக்கு அப்போது கொஞ்சம் மிதப்பு உண்டு. கொஞ்சம் என்பது இப்போது சொல்வது. அன்று என்னோடு பேசியவர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

ஒரு காலையில் மதாம் தெரேஸ் என்ற பெண்மணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். மாதா கோயில் பக்கம் குடியிருப்பவர். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். இரண்டு வருடமாக மார்செய்யில் இருந்த அவர், மனைவியையும் மகளையும் வரச்சொல்லியிருந்தார். கப்பல் ஏஜண்டு ஆபீசில் விசாரித்தபோது என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும் என்று நினைத்தேன். ஐந்தரை என்றார். பெயர் எலிஸ். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பி இருந்தது.

சவலை என்று சொல்லி ஊரில் இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு பிரெஞ்சு டாக்டர்தான் கண்டுபிடித்தார். கோதுமை இந்தப் பிள்ளையின் குடலுக்கு விஷம், ரொட்டியை நிறுத்து என்றார். நிறுத்திய மூன்று மாதத்தில் பிள்ளை எழுந்து நடந்திருக்கிறாள். அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கப்பலில் இருபத்திரண்டு நாள். நடுக்கடலில் வயிற்றுப்போக்கு வந்தால் இந்த உடம்பு தாங்காது, யோசித்துப் போ என்று. மார்செய்யில் குடல் வைத்தியம் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனால்தான் பிள்ளை தேறும். போகிற வழியோ ரொட்டியும் மாவும் நிறைந்த பிரெஞ்சுக் கப்பல்.

போன முறை வந்த கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்டாராம். காரணம் கேட்டேன். அந்தக் கப்பல் சமையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும், சொல்லி முடிப்பதற்குள் அவர் "ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பயம் வந்துவிட்டது என்றார் மதாம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு நானும் கிட்டத்தட்ட அதையே சொன்னேன்.

"நம்ம சாப்பாட்டுல கோதும ஏது மதாம்? சோறு, இட்லி, இடியாப்பம். நானே தனியா வச்சிக் குடுக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப கப்பல் வர்ற வரைக்கும் என் வீட்டுல வந்து சமைங்க தம்பி. பாத்துட்டு ஏறுறேன்."

கப்பல் சமையல்காரனுக்குப் பரீட்சையா என்று சுருக்கென்றது. ஆனால் மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். வீம்புக்குத்தான் ஒத்துக்கொண்டேன், பிள்ளைக்காக அல்ல. உண்மையைச் சொல்லத்தானே இதை எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு உரசல். இடியாப்பத்துக்கு அரிசி ஊறவைத்து உலர்த்தி முதலியார்பேட்டை மாவு மில்லுக்கு எடுத்துப்போனேன். எனக்கு முன்னால் ஒருவர் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். கவனிக்காமல் இல்லை. என் அரிசியில் முதலில் விழுந்த இரண்டு படி மாவைத் தனியாக எடுத்து மில்காரரிடமே விட்டுவிட்டு, மீதியைப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். முன்னால் யார் அரைத்தார்கள் என்று மதாம் கேட்டார். சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாவு முழுவதையும் அள்ளிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, உரலைக் கழுவிப் போட்டார். நான்தான் இடித்தேன். இரண்டு மணி நேரம். இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் பைத்தியம் என்று உலக்கையைப் போடும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கஞ்சி, வாழைப்பழம், குழைந்த சோறு, மீன். எலிஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள், பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. ரசம் வைத்தேன். மிளகும் சீரகமும் நானே தட்டினேன். எல்லாம் மதாம் கண் முன்னால்தான். எலிஸ் தட்டைத் தூக்கிக் குடித்தாள். மீசை வைத்ததுபோல் உதட்டுக்கு மேல் ரசம். அதைப் பார்த்து மதாம் முதல்முறையாகச் சிரித்தார். தினமும் ரசம் என்று அன்றே முடிவாகிவிட்டது.

ஏழாம் நாள் பிள்ளைக்கு வயிறு சரியில்லை. எட்டாம் நாள் ஐந்தாறு தடவை போனாள். மதாம் முகத்தில் ஈயாடவில்லை. அடுக்களையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்தார். என்னையும் கேட்டார். அரிசி சரி, மீன் சரி, புளி சரி. நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்படியானால் தப்பு வேறு எங்கோதான் இருக்க வேண்டும். தினமும் காலையில் அந்தச் சந்தில் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார். எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எலிஸ் விளையாடுவதை நான் பார்த்திருந்தேன்.

"நம்ம கிட்ட தப்பு இல்ல மதாம். பாப்பாதான் எங்கியோ ரொட்டி வாங்கித் தின்னிருக்கும்."

எனக்கு அது தெரியுமா? தெரியாது. பார்த்தேனா? இல்லை. ஆனாலும் பார்த்தவன் மாதிரி சொன்னேன். எலிஸ் இல்லை என்றாள். மதாம் மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றாள். பொய் வேறு சொல்கிறாயா என்று கேட்டு மதாம் முதுகில் ஒரு அறை வைத்தார். அந்த உடம்பில் விழுந்த அறையின் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. எலிஸ் அழுதுகொண்டே என்னைத்தான் பார்த்தாள், அம்மாவை அல்ல.

அதோடு விட்டேனா? வயிற்றுக் கோளாறுக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்போம். நானும் கொடுத்தேன். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், மறுநாளும் அப்படியே. நிற்கவில்லை. பெருங்காயத்தைக் கூட்டினேன். பத்தாம் நாள் பிள்ளை பாயை விட்டு எழவில்லை. கப்பல் வர ஒரு வாரம்தான் இருந்தது. ஏறும்போது கப்பல் டாக்டர் பிள்ளையைப் பார்ப்பார். இந்த நிலையில் ஏற்றவே மாட்டார். ஏற்றுவது இருக்கட்டும், அதுவரை பிள்ளை இருப்பாளா என்றே மதாமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜெபமாலையைக் கையை விட்டு வைக்கவே இல்லை.

வீட்டிலிருந்த பெருங்காயம் தீர்ந்துவிட்டது. நல்லதாக ஒரு கட்டி வாங்கலாம் என்று பெரிய மார்க்கெட்டுப் பக்கம் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து பெரிய தாம்பாளத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரை வெள்ளை. ஊரில் ஆளாளுக்கு பேக்கரி வைக்கிற காலம் ஆயிற்றே, பெருங்காயக் கடையிலுமா என்று கடைக்காரரிடம் வேடிக்கையாகக் கேட்டேன்.

"பெருங்காயந்தான் பிசையறாங்க. செடியில வர்ற பால அப்படியே குடுத்தா அந்த நெடி ஒரு வீட்டுலயும் தாங்காது. மைதாவும் பிசினும் சேத்துக் கட்டியாக்கித்தான் எல்லாரும் விக்கறது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து அடுப்படியில் நிற்கிறேன். பிரெஞ்சு சாஸ் இருபது வகை மனப்பாடமாகச் சொல்வேன். வீட்டில் அஞ்சறைப்பெட்டிப் பக்கத்திலேயே கிடக்கும் பெருங்காயத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஆசையாக வைத்த ரசத்திலும் மைதா. அதனால் வந்த நோய்க்கு மருந்தாகக் கொடுத்த மோரிலும் மைதா.

அந்தக் கடையிலிருந்து மதாம் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பெருங்காயம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மோரை நிறுத்திவிடலாம். ரசத்தையும் நிறுத்தலாம். பிள்ளைக்குத் தானாகச் சரியாகும். கைராசிக்காரர் என்று பெயர்கூட வாங்கலாம். சொன்னால் அந்த அம்மாள் என்னைத் துரத்திவிடுவார். கப்பலில் ஏறமாட்டார். ஊர் முழுக்க என் பேர் நாறும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் நடந்தேன். யோக்கியனாக நடந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சந்து முனை வரைக்கும் சொல்லாமல் விடுவதாகத்தான் இருந்தேன்.

சந்து முனையில் ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்திக் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அந்த அறை ஞாபகம் வந்தது. நான் சொல்லாவிட்டால் எலிஸ் பொய்க்காரி என்ற பேர் அப்படியே நின்றுவிடும். அவள் அம்மாவே அதை நம்பிக்கொண்டிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மதாம் கத்துவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் அடுக்களையில் மோர் இருந்த செம்பை எடுத்துக் கொல்லையில் ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு வந்து சொன்னார்.

"ரசம் ஒங்க கையில வந்த தப்பு. ரொட்டி ஒங்க வாயில வந்த தப்பு. அத எங்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லுங்க."

பாயருகே உட்கார்ந்து ஐந்தரை வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். நீ ரொட்டி சாப்பிடவில்லை, நான்தான் தெரியாமல் கொடுத்தேன், உன்மேல் பழி போட்டேன் என்று. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மதாமும் அவள் பக்கத்தில் படுத்து அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மாலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது எலிஸ் வாயைத் திறக்கவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல என்னென்ன போட்டீங்க?"

அரிசி, தண்ணீர், உப்பு என்றேன். உப்பில் என்ன போட்டீர்கள் என்றாள். உப்பில் உப்புதான் என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்றாள். மதாமிடம் ஜாடியை வாங்கிவந்து காட்டினேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் இதுதான். தட்டோடு நான் உட்கார வேண்டும், போட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். விளையாட்டுக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. ஒன்றைத் தயங்கிச் சொன்னாலும் வாய் மூடிக்கொள்ளும்.

மூன்று நாளில் போக்கு நின்றது. ஆறாம் நாள் எழுந்து நடந்தாள். ஏழாம் நாள் கப்பல் வந்தது. பழைய கடற்பாலம் புயலில் போய்விட்டிருந்ததால் அப்போது கரையிலிருந்தே சலங்குப் படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். மதாம் தனிப் பெட்டி ஒன்றைக் கட்டி எடுத்துவந்திருந்தார். தட்டு, கரண்டி, சட்டி, இடித்த மாவு, எல்லாம் பிள்ளைக்கு மட்டும். சாமான் படகில் ஏறியும் அவர் ஏறாமல் மணலில் நின்றார்.

"கப்பல் சமையல்கட்டுல எத்தன பேரு?"

"பதினாலு பேரு மதாம்."

"தப்பு பண்ணா அவங்கள்லாம் வந்து சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க," என்றேன். "நான் அவங்கள கேக்கறேன். பாப்பா என்னக் கேக்கட்டும்."

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினார். எலிசைப் பெட்டிமேல் உட்காரவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அலை தூக்கிப்போட்டபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான், அவரல்ல.

கப்பலில் பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் கேப்டன் மேசையில் விருந்து. தலைமைச் சமையல்காரர் குரல் உசந்தால் பாத்திரம் அதிரும், அப்படிப்பட்ட மனிதர். அன்று கடலும் கொஞ்சம் ஆடியது. எலிசுக்கு என் மூலையில் கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் மீன் தட்டுகளை அடுக்க என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், இருபது நிமிடம். திரும்பிவந்து சூப்பை ஊற்றி எடுத்துக்கொண்டு கேபினுக்கு ஓடினேன். எலிஸ் வழக்கம்போல் கேட்டாள். கோழி, கேரட், அரிசி, தண்ணீர், உப்பு. வேறே என்றாள். வேறே ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இருபது நிமிடம் நான் அங்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தேன். சூப் வழிய வேண்டிய வேகத்தில் வழியவில்லை. கொஞ்சம் கெட்டி.

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, என் அடுப்பில் கை வைத்தது யார் என்று கேட்டேன். சாஸ் வைக்கிறவர் கையைத் தூக்கினார். நல்ல மனிதர், எனக்கு நண்பர். நான் அல்லாடுவதைப் பார்த்து, சூப் நீர்த்துக் கிடக்கிறதே என்று வெண்ணெயில் வறுத்த மைதா ஒரு கரண்டி கலந்திருக்கிறார். உதவிதான் செய்தார். நான் ரசம் வைத்ததும் அப்படித்தானே? பானை முழுவதையும் கொட்டினேன். விருந்து நேரத்தில் சூப்பைக் கொட்டுகிறாயா என்று தலைமைச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். நின்று வாங்கிக்கொண்டேன். எலிஸ் அன்று வெறும் சோறும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் என் அலமாரிக்குப் பூட்டு மாட்டியிருந்தது. சாவியைத் தலைமைச் சமையல்காரரே என் கையில் கொடுத்தார். 

ஆக, நோயாளியைக் கொல்லப் பார்க்கிறவர்கள் சமையலறையில் யாரும் இல்லை. அன்பாக ஒரு கரண்டி கூடப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன். சீட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும்போது, போட்டதை ஒன்றுவிடாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தட்டை அனுப்பாதீர்கள். வாய் வரை போன தட்டையும் திருப்பி எடுங்கள். திட்டு வாங்குவது நம் வேலையில் சேர்ந்ததுதான்.

மார்செய்யில் இறங்கும்போது மதாமின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். எலிசின் அப்பா பட்டாள உடுப்போடு கரையில் காத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து மகளைப் பார்க்கிறார். வாரித் தூக்கினார், முத்தம் கொடுத்தார், அழுதார். பிறகு மகளை இறக்கிவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த வெள்ளை அட்டைப்பெட்டியை எடுத்து ரிப்பனை அவிழ்த்தார். மகளுக்காக வாங்கிய கேக். கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தும், சந்தோஷத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. மதாம் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். நானும் கையிலிருந்த பெட்டியை இறக்கப் போனேன். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் எலிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பப்பா, இதுல என்னென்ன போட்டிருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். சர்க்கரை, முட்டை, வெண்ணெய். நாலாவதைச் சொல்லப்போய் நின்றார். மகளைப் பார்த்தார். மெதுவாகப் பெட்டியை மூடி, ரிப்பனை மறுபடி கட்டினார். எலிஸ் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மதாமின் பெட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன். அந்தப் பிள்ளைக்கு இனி என் காவல் வேண்டியிருக்கவில்லை.